பைய தேய்லே: ரெண்டாஞ்சனி எண்ணெக் குளியல் எப்படி வேலை செய்யுது

ரெண்டாஞ்சனி, அதாவது மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை, எங்க வீட்ல அலாரம் கெடையாது. வெள்ளனே முழிப்பு வந்தாலும் பாயிலேயே புரண்டுக்கிட்டு கெடக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா அடுக்களையில இரும்புக் கரண்டியில நல்லெண்ணெ காயுற வாசமும் அதுல போட்ட நாலு மிளகு பொரியிற சத்தமும் வந்துட்டா எந்திரிச்சே ஆகணும், ஏன்னா அடுத்தது அம்மாவோட கூப்பாடுதான். முத்தத்துல ஒரு பழைய முக்காலி, இடுப்புல சாயம் போன துண்டு, உச்சந்தலையில ஒரு கை எண்ணெ. அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு, இன்னமும் மகனுக்கு தலையில எண்ணெ வைக்கிறது அவங்க வேலைதான்.

ஆச்சி இருந்தவரைக்கும் தாத்தாவுக்கு முதுகு தேய்க்கிற வேலை எனக்கு. நான் சீக்கிரம் முடிச்சுட்டு விளையாட ஓடணும்னு பரபரன்னு தேய்ப்பேன். பட்டாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சிக்கிட்டே ஆச்சி சத்தம் போடுவா, "ஏலே, பைய தேய்லே, பாத்திரமா வெளக்குத? எண்ணெ உள்ள எறங்க வேண்டாமா?" பைய-ன்னா எங்க ஊர்ல மெதுவான்னு அர்த்தம். இத்தனை வருஷம் கழிச்சு தோல், நரம்பு பத்தியெல்லாம் படிக்கும்போதுதான் தெரியுது, ஆச்சி சொன்ன காரணம் தப்பு, சொன்ன செய்முறை மட்டும் அட்சரம் பிசகாம சரி.

காரணம் ஏன் தப்புன்னு முதல்ல பாத்துருவோம். நம்ம தோலோட ஆக மேல இருக்கிறது செத்துப்போன செல்களோட அடுக்கு. உடம்போட பெரும்பாலான இடத்துல அதோட கனம் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் இருக்கும், ஆனா கட்டுமானம் கெட்டி, செங்கல்லை அடுக்கி நடுவுல சாந்து பூசின மாதிரி செல்களுக்கு நடுவுல கொழுப்பு. நல்லெண்ணெ இதோட மேல் அடுக்குகள்லயே நின்னுடுது. எலும்பு வரைக்கும் எறங்கும், மூட்டுக்குள்ள போய் கிரீஸ் மாதிரி உக்காரும்னு சொல்றதெல்லாம் கதைதான். மேல நின்னாலும் அது சும்மா நிக்கல, தோல்ல இருந்து தண்ணி ஆவியா போறதை மூடி போட்டு தடுக்குது, அதனாலதான் குளிச்சு முடிச்சப்புறம் முழங்கையில சாம்பல் பூத்த மாதிரி இருந்தது காணாம போயிருக்கும்.

தலைமுடி கணக்கு வேற. தேங்கா எண்ணெயில பாதிக்கு பக்கத்துல லாரிக் அமிலம், சின்ன நேரான மூலக்கூறு, அது முடிக்குள்ள நுழைஞ்சு முடியோட புரதம் கரைஞ்சு போறதை குறைக்குதுன்னு பரிசோதனையில பாத்திருக்காங்க. நல்லெண்ணெயில இருக்கிற ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள் அதைவிட நீளம், நடுவுல வளைஞ்சிருக்கும், அவ்வளவு சுளுவா நுழையாது. அதனால தினசரி தலைக்கு தேங்கா எண்ணெ, குளியலுக்கு நல்லெண்ணெங்கிற பழக்கத்துல பாதிக்காவது ஒரு நியாயம் இருக்கு.

அப்போ எண்ணெ உள்ள போகலன்னா அந்த சுகம் எங்க இருந்து வருது? கையில இருந்து. கை போற வேகத்துல இருந்து.

தோல்ல தொடுறதை மூளைக்கு சொல்ற நரம்பு நார்கள் ஒரே ஜாதி இல்ல. நமக்கு நல்லா பழக்கமானது பெரிய தடிச்ச நார்கள், மேல உறை போட்டது, செய்தி நொடிக்கு ஏறக்குறைய 50 மீட்டர் வேகத்துல பறக்கும். பையில கை விட்டு சாவியா சில்லறையான்னு கண்டுபிடிக்கிறது இதுங்களாலதான். இன்னொரு வகை இருக்கு, உறையே இல்லாத மெல்லிசு நார், நொடிக்கு 1 மீட்டர்தான் போகும், அதாவது நாம நடக்கிறதைவிட மெதுவு. கணுக்கால்ல தடவினா பெரிய நார்ல செய்தி கண்ணை இமைக்கிறதுக்குள்ள முதுகுத்தண்டுக்கு வந்துரும், இந்த மெல்லிசு நார்ல அது வந்து சேர ஒரு நொடி ஆகிடும். 1939-ல ஸ்வீடன்காரர் ஸோட்டர்மேன் பூனைகள்ல இதை கண்டுபிடிச்சாரு. மனுஷனுக்கும் உண்டுன்னு உறுதியாக 1990 வாக்குல ஆகிடுச்சு, நரம்புக்குள்ள, முனை தலைமுடியைவிட மெல்லிசா இருக்கிற ஊசியை விட்டு ஒத்தை நாரோட மின்சாரத்தை கேட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க. முக்கியமா ரோமம் இருக்கிற தோல்ல இருக்கு, முதுகு, முன்கை, கால், முகம். உள்ளங்கையில ரொம்ப அபூர்வம்.

இந்த நாருக்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு. தோல் மேல நொடிக்கு 1-ல இருந்து 10 சென்டிமீட்டர் வேகத்துல தடவினாத்தான் நல்லா பேசும், அதுக்கு மேல வேகமா போனாலும் சத்தம் குறையுது, ரொம்ப ஊர்ந்தாலும் குறையுது. அதே வேகங்கள்ல தடவி "எது சுகமா இருக்கு"ன்னு ஆட்கள்கிட்ட கேட்டாலும் அதே மேடு பள்ளம்தான் வருது, நார் எங்க அதிகமா பேசுதோ அங்கதான் மனுஷனும் சொக்குறான். இன்னொண்ணு, தடவுறது தோல் சூட்டுலயே இருக்கணும், ஜில்லுன்னு இருந்தாலும் கொதிச்சாலும் அதுக்கு பிடிக்காது. எண்ணெயை காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆத்தி, அப்புறம் தேய்க்கிறாங்களே, அதை இப்போ யோசிச்சுப் பாருங்க.

நம்ப மாட்டீங்கன்னு நான் அளந்தும் பாத்தேன். மகளை போனை எடுத்துட்டு வரச்சொல்லி ஸ்டாப்வாட்ச் போட்டேன். என் மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் 26 சென்டிமீட்டர். அம்மா எப்பவும் தேய்க்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாங்க, 6 நொடி. நொடிக்கு நாலு சென்டிமீட்டர் சொச்சம், சரியா நடுவுல! அப்புறம் நான் மகளுக்கு கால்ல தேச்சேன், ஒரு இழுப்பு ஒரு நொடி கூட ஆகல, "அப்பா நீ வேண்டாம், ஆச்சியே தேய்க்கட்டும்"னு எந்திரிச்சு போயிட்டா. ஒரே வீட்டுல மூணு பேரை வச்சு பண்றதெல்லாம் ஆராய்ச்சி இல்லன்னு தெரியும். ஆனா பெத்தவங்க கைக்குழந்தையை தடவுற வேகத்தை ஆராய்ச்சிக்கூடத்துல அளந்தப்பவும் யாரும் சொல்லிக்குடுக்காமலே அந்த எல்லைக்குள்ளதான் இருந்திருக்கு.

இந்த மெல்லிசு நார் செய்தி போய்ச்சேர்ற இடமும் வேற. எங்க தொட்டது, என்ன தொட்டதுன்னு கணக்கு பாக்கிற பகுதிக்கு போகாம, உடம்புக்குள்ள பசி, சூடு, நோவு எல்லாம் எப்படி இருக்குன்னு கவனிக்கிற இன்சுலாங்கிற பகுதிக்கு போகுது. பெரிய நார்களெல்லாம் நோயால செயலிழந்த ஒரு பெண்ணை 2002-ல பரிசோதிச்சாங்க, முன்கையில மெத்துன்னு பிரஷ்ஷால தடவினா லேசா ஒரு இதம் தெரியுது, ஆனா எந்தப் பக்கமா தடவுறாங்கன்னு சொல்லத் தெரியல. தொட்டது தெரியாம தொட்ட சுகம் மட்டும் தெரியுறது! எனக்கு இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

எண்ணெயோட வேலை இங்கதான் வருது. வெறுங்கையால மெதுவா இழுத்துப் பாருங்க, கை ஒட்டி ஒட்டி விடும், தோல் சுருட்டிக்கிட்டு வரும். எண்ணெ இருந்தா கை வழுக்கிக்கிட்டு அதே வேகத்துல போகும். ஆக அது மருந்தா உள்ள போகல, மெதுவா போறதுக்கு ரோடு போட்டுக் குடுக்குது. அதோட, அடுத்தவங்க கையா இருந்தாத்தான் முழு ருசி, நம்மளே நமக்கு தேச்சா அவ்வளவா இருக்காது. நம்ம கை எங்க போகப்போகுதுன்னு சிறுமூளைக்கு முன்கூட்டியே தெரியும், தெரிஞ்ச செய்தியை அது மட்டுப்படுத்தி விட்டுரும். நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இதனாலதான்.

குற்றாலம் மசாஜ் இதுல சேராதான்னு கேப்பீங்க. 2019-ல தென்காசி தனி மாவட்டமா போயிருச்சு, ஆனா சாரல் விழுந்தா எங்க கால் இன்னும் அந்தப் பக்கம்தான் இழுக்கும். முன்னெல்லாம் அங்க எண்ணெ பாட்டிலோட நின்ன அண்ணாச்சிங்க பைய எல்லாம் தேய்க்க மாட்டாங்க, முதுகுல தபேலா வாசிப்பாங்க, கழுத்தை ஒரு திருப்பு திருப்புவாங்க (அந்தக் கழுத்து திருப்புற சமாச்சாரத்துக்கு மட்டும் நான் ஒத்துக்கிறதே இல்ல, கழுத்துல மூளைக்கு போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்த கேஸெல்லாம் மருத்துவத்துல பதிவாயிருக்கு, அபூர்வம்தான், ஆனா நம்ம கழுத்து ஒண்ணுதானே). அந்த அடியும், அப்புறம் போய் நிக்கிற அருவியும் பேசுறது அந்தப் பெரிய வேகமான நார்களோட. 1965-ல மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருத்து சொன்னாங்க, முதுகுத்தண்டுல ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கு, அழுத்தம், அதிர்வுன்னு பெரிய நார் வழியா கூட்டம் வந்தா வலி செய்திக்கு அந்தக் கதவு ஒருக்களிச்சு சாத்திக்கும்னு. அதுல சில விவரங்கள் பின்னாடி திருத்தப்பட்டுச்சு, மூல யோசனை நிலைச்சிருக்கு. முட்டியில இடிச்சுக்கிட்டா உடனே அங்க பரபரன்னு தேய்க்கிறோமே, அதேதான்.

அருவி அடிக்கிற அடி சும்மா இல்ல. 10 மீட்டர் உயரத்துல இருந்து கட்டியா விழுற தண்ணி கீழ வரும்போது காத்துத்தடையை விட்டுட்டு கணக்கு பாத்தா மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். பேரருவி அதைவிட எத்தனையோ மடங்கு உயரம், அப்படியே நேரா விழுந்தா கீழ யாரும் நிக்க முடியாது. நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பாறைக்குழி, தண்ணி முதல்ல அதுல விழுந்து பொங்கி வேகம் செத்து அப்புறம்தான் நம்ம தலையில விழுது.

மசாஜ் பத்தி ஒரு பொய்யையும் சொல்லிரணும். "தசையில தேங்கின லாக்டிக் அமிலத்தை மசாஜ் பிழிஞ்சு எடுக்கும்"னு பியூட்டி பார்லர் போர்டுல இருந்து ஜிம் மாஸ்டர் வரைக்கும் சொல்றாங்க. ஓடி ஆடி சேர்றது ஒரு மணி நேரம் வாக்குல தானாவே ரத்தத்துல கலந்து செலவாகிடும், பிழியறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது.

சரி, எண்ணெ ஊறியாச்சு, வெந்நி காஞ்சாச்சு. சீயக்காயில சபோனின்னு ஒரு பொருள், ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும் இன்னொரு முனை தண்ணியைப் பிடிக்கும், கலக்கினா நுரை வர்றதும் இதாலதான். சோப்பும் இதே வேலையைத்தான் செய்யுது, ஆனா சோப்பு காரம், போர் தண்ணியில இருக்கிற கால்சியத்தோட சேந்து பிசுபிசுன்னு வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கும். சீயக்காய்க்கு அந்த வம்பு கெடையாது, லேசான புளிப்புத்தன்மை வேற, எல்லா எண்ணெயையும் வழிச்சு எடுக்காம கொஞ்சம் மிச்சம் வைக்கும். கண்ணுல பட்டா மட்டும் உயிர் போகும், அதுக்கும் அதே சபோனின்தான் காரணம்.

குளிச்சுட்டு வந்தா சொதி. கல்யாணத்துக்கு மறுநா மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சாப்பாடு, எங்களுக்கு ரெண்டாஞ்சனி சாப்பாடும் அதான். தேங்கா திருவி மூணு பால் எடுத்து, மூணாம் பால், ரெண்டாம் பால்ல காய்கறியும் பாசிப்பருப்பும் வெந்து, இஞ்சி பச்சமிளகா அரைச்சதை போட்டு, கடைசியா முதல் பால். கெட்டிப்பால்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கொழுப்பு, பொடிப்பொடி உருண்டையா தண்ணியில மிதக்குது, ஒவ்வொரு உருண்டைக்கும் மேல புரதத்தால ஒரு சட்டை. 80 டிகிரியை தாண்டினா அந்தப் புரதம் திரண்டுரும், சட்டை கிழியும், உருண்டைங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து எண்ணெயா மேல வந்துரும். எலுமிச்சம்பழத்தோட புளிப்பும் அதே புரதத்தை திரள வைக்கும். சூடும் புளிப்பும் சேந்து வந்தா கதை முடிஞ்சுது. நான் ஒருதரம் அம்மா ஊருக்குப் போயிருந்தப்போ கொதிக்க கொதிக்க எலுமிச்சம்பழத்தை பிழிஞ்சுட்டு, மேல எண்ணெ, கீழ கஞ்சித்தண்ணி, நடுவுல திப்பி திப்பியா ஏதோ ஒண்ணு, அதையும் கூச்சமில்லாம ஊத்தி சாப்பிட்டோம். முதல் பால் ஊத்தினதும் ஓரத்துல நுரை கட்டும், அங்கேயே அடுப்பை அணைச்சுட்டு, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் எலுமிச்சம்பழம். கடையில விக்கிற டப்பா பால்ல திரியாம இருக்க என்னத்தையோ சேத்திருப்பாங்க, அது கொதியைத் தாங்கும், ருசிக்கு நான் ஜவாப்தாரி இல்ல. தொட்டுக்க இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ்.

சாப்பிட்டு முடிக்க மணி ஒண்ணரை. "எண்ணெ தேச்சுக் குளிச்ச அன்னைக்கு பகல்ல தூங்கப்பிடாது"ங்கிறது ஆச்சி சட்டம். ஆனா உடம்பு வேற சட்டம் வச்சிருக்கு. வெந்நியில குளிச்சா கை கால்ல ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு, உள்ள இருக்கிற சூடு தோல் வழியா வெளிய போகும், கொஞ்ச நேரத்துல உடம்போட உள்சூடு எறங்கும், அந்த எறக்கம்தான் மூளைக்கு தூக்கத்துக்கான தாக்கல். ராத்திரி படுக்க 1, 2 மணி நேரம் முன்னாடி 40-ல இருந்து 42.5 டிகிரி வெந்நியில குளிச்சா சீக்கிரம் தூக்கம் பிடிக்குதுன்னு பல ஆய்வுகளை சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க. "எண்ணெ தேச்சா சூடு தணியும்"னு நம்மாட்கள் சொல்றதுல உண்மையான பங்கு இதுதான், அதுல எண்ணெயைவிட வெந்நிக்குத்தான் பேரு போகணும். அதுக்கு மேல மதியம் ஒண்ணரை ரெண்டுக்கு உடம்புக் கடிகாரமே ஒரு சரிவுல இருக்கும், சாப்பிடாம கெடந்தாலும் அந்த சொக்கல் வரும். சாப்பிட்டா மூளையில இருக்கிற ரத்தமெல்லாம் வயித்துக்கு ஓடிருதுங்கிறது மட்டும் சரியில்ல, மூளை தன் பங்கை விட்டுக்குடுக்கிற ஆள் இல்ல.

20 நிமிஷத்துல எந்திரிச்சா தலை தெளிவா இருக்கும், அதுக்கு மேல போனா ஆழ்ந்த தூக்கத்துல விழுந்துருவோம், அங்க இருந்து எழுப்பினா கொஞ்ச நேரத்துக்கு மூளையில பாதி இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கும். இதெல்லாம் தெரிஞ்சுதான் போன ரெண்டாஞ்சனி அலாரம் வைப்போம்னு போனைத் தேடினேன், ஸ்டாப்வாட்ச் பாத்ததோட மகள்கிட்டேயே இருந்துச்சு, சரி ஒரு கண்ணு அசந்துக்குவோம்னு தார்சா தரையில துண்டை விரிச்சு படுத்தேன். முழிச்சப்போ மணி அஞ்சே முக்கால், வெளிச்சம் மங்கலா இருக்கு, காலையா சாயங்காலமான்னு புரியல, திங்கக்கிழமை ஆபீசுக்கு லேட்டாயிடுச்சுன்னு அடிச்சுப் புடிச்சு எந்திரிச்சு பல் பொடியைத் தேடுறேன், அம்மா விளக்கேத்திக்கிட்டே திரும்பிப் பாத்து, "ஆச்சி சொன்னா கேக்கமாட்டியேலே"ன்னாங்க.