எழுபது சதவீதம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி!

மறுபடியும் ஒரு தம்பி, தான் தனியாகச் செய்கிற கம்ப்யூட்டர் கேமைக் காட்ட, பாளையங்கோட்டையில் என் முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்தார். பூலித்தேவன் காலத்துத் திருநெல்வேலிச் சீமை, இஷ்டப்படி எங்கும் சுற்றுகிற ஓப்பன் வேர்ல்டு, பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி, போதாததற்கு பலர் சேர்ந்து ஆடுகிற மல்டிபிளேயர். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களை ஒவ்வொன்றாக மாடல் செய்திருக்கிறார், நிஜமாகவே அழகு. தட்டினால்தான் சத்தம் வராது. ஆற்றில் குதித்தால் வீரன் தண்ணீருக்கடியிலேயே கொக்கிரகுளம் வரை நடந்து போகிறான். மெனுவில் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. கேட்டால், "எழுபது சதவீதம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி."

எங்கே முடிந்தது? சேவ், செட்டிங்ஸ், ஒலி, விதவிதமான ஸ்கிரீன் அளவு, நடுவில் போன் வந்தால் கேம் நிற்பது, அப்புறம் பக் எனும் கோளாறுகளைத் தேடித் திருத்துவது. ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாத இந்த வேலையில்தான் காலமெல்லாம் கரையும்.

இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே பெயரைத்தான் எடுத்து வீசுகிறார்கள், ஸ்டார்டியூ வேலி என்கிற விவசாய கேம். ஒரே ஆள்தானே செய்தார்? ஆமாம், எரிக் பரோன் ஒரே ஆள்தான், படம், இசை, புரோகிராம் எல்லாம் அவரே. நாலரை வருடம் ஆனது, 2016இல்தான் வெளியிட்டார். அதுவும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்து, வேலை கிடைக்காமல், புரோகிராமிங் கைக்கு வரட்டும் என்று தொடங்கியது. செலவுக்குத் தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தார். 2டி கேம். மல்டிபிளேயர் 2018இல்தான் சேர்ந்தது. உங்களுக்கு மட்டும் முதல் நாளே அது வேண்டும்! முடித்தவர் பேட்டியைத்தான் நாம் படிக்கிறோம், பாதியில் விட்டவரிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

கேம் செய்கிற மென்பொருளான யூனிட்டியில் சிக்கல் வந்தால், அதே மாதிரி இன்னொன்றான கோடோவுக்குத் தாவுவது இன்னொரு வியாதி. அது பற்றிப் பேசினால் எனக்கு பிபி ஏறும், விடுங்கள்.

தயவுசெய்து முதல் கேமை ஒரே ஸ்கிரீனில் செய்யுங்கள். லூடம் டேர் என்கிற கேம் செய்யும் போட்டியில் 48 மணி நேரத்தில் ஒரு கேமை முடித்துக் கொடுக்கிறார்கள், நீங்கள் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். படமெல்லாம் வரைவதற்கு முன் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்தே விளையாடிப் பாருங்கள். பெட்டி சலித்தால் பூலித்தேவனும் சலிப்பார். மெனுவையும் சேவ் வசதியையும் முதல் வாரமே போடுங்கள். பிளே ஸ்டோரில் கேமை வெளியிட 25 டாலர் கட்டினால் போதும் என்றும் நினைக்காதீர்கள், புதிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்ட் செய்திருக்க வேண்டும். அந்த 12 பேரை இப்போதே பிடித்து வையுங்கள். எனக்கு டிரெய்லர் அனுப்பாதீர்கள் தம்பிகளா, இன்ஸ்டால் ஆகிற ஃபைலை அனுப்புங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கடைசிவரை விளையாடிவிட்டுச் சொல்கிறேன்.