கரிமப் புள்ளி: சொல்லும் பொருளும்

புற ஊதா ஒளி பட்டதும் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும், 10 நானோமீட்டருக்கும் சிறிய கார்பன் துகளைக் கார்பன் டாட் என்கிறார்கள். தமிழில் கரிமப் புள்ளி. 2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. 2006இல் கிளெம்சன் பல்கலைக்கழகக் குழு கார்பன் டாட் என்று பெயரிட்டது.

லத்தீனில் கார்போ என்றால் கரி. ஆகவே கரிமம் பொருந்தி வருகிறது. நடுவில் 'குவாண்டம்' சேர்த்து 'கார்பன் குவாண்டம் டாட்' என்பதுதான் உறுத்தல்; துகளின் சிற்றளவால்தான் ஒளிர்கிறது என்று அது பொருள் தரும். ஆனால் பல துகள்களில் ஒளிர்வுக்கு மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அணுக்கூட்டங்களான வினைச்செயல் தொகுதிகளே காரணம். இவ்வகை ஒளிர்வைக் குறிக்கும் ஃப்ளோரசன்ஸ் என்ற சொல்லை 1852இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ், ஃப்ளோர்ஸ்பார் கனிமத்தின் பெயரிலிருந்து ஆக்கினார். அதன் வேர்ச்சொல்லுக்கு ஓடுதல் என்று பொருள்; உலையில் கசடை இளக்கி ஓடவைக்கும் கல் அது. ஒளியைப் பற்றி வேரில் ஒன்றுமில்லை. நம் 'உடனொளிர்தல்' தெளிவு: ஒளி பட்டால் ஒளிரும், விலகினால் உடனே அணையும். விலகியும் நீடித்தால் நின்றொளிர்தல்.

செய்முறை எளிது. சிட்ரிக் அமிலம் 1 கிராம், எத்திலீன்டைஅமீன் 0.3 மி.லி., நீர் 10 மி.லி.; டெஃப்ளான் உறையிட்ட ஆட்டோகிளேவ் எனும் மூடிய அழுத்தக் கலனில் 200 டிகிரி செல்சியஸ், 5 மணி நேரம். உறையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. முழுக்க ஆறிய பிறகே திறக்க வேண்டும். அடுத்து கூழ்மப்பிரிப்பு: சுமார் 1000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள சிறு மூலக்கூறுகளை வெளியே விடும் சவ்வுப்பையில் இட்டு, சுற்றியுள்ள நீரை மாற்றி மாற்றி. பலர் அவசரப்படுவது இங்கேதான். இதே வினையில் நன்றாக ஒளிரும் சிறு மூலக்கூறுகளும் உண்டாகின்றன. அவற்றை வெளியேற்றாவிட்டால் ஒளிர்வது புள்ளியா, மூலக்கூறா என்றே சொல்ல முடியாது.

இப்புள்ளிகளைக் கொண்டு நீரிலுள்ள மாசை அளக்கலாம். நீரில் ஃபெர்ரிக் அயனியோ (இரும்பின் அயனி) வெடிபொருளான பிக்ரிக் அமிலமோ இருந்தால் ஒளிர்வு மங்கும். மங்கிய அளவிலிருந்து செறிவைக் கணிக்கலாம். இதற்கு ஒளிர்வுத் தணிப்பு என்று பெயர். ஆனால் மங்கியதெல்லாம் தணிப்பு அல்ல. இவ்விரண்டுமே புள்ளியைத் தூண்டும் 360 நானோமீட்டர் ஒளியைத் தாமே உறிஞ்சிக்கொள்வதால் புள்ளிக்குப் போய்ச் சேரும் ஒளியே குறைந்துவிடும். உட்சல்லடை விளைவு எனலாம். தூண்டும் அலைநீளம், உமிழும் அலைநீளம் இரண்டிலும் உறிஞ்சலை அளந்து திருத்த வேண்டும். ஃபெர்ரிக் அயனி நடுநிலை நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். அளக்கும் மாதிரியைச் சற்று அமிலமாக்குவது அவசியம்.

ஆற்றுநீரில் இன்னொரு தொல்லை: அதிலுள்ள, மக்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் தானே நீலமாக ஒளிரும். எனவே காய்ச்சி வடித்த நீரில் வரைந்த அளவீட்டுக் கோட்டை (செறிவையும் ஒளிர்வையும் இணைக்கும் வரைகோடு) நம்பாமல், அதே ஆற்றுநீரில் தெரிந்த அளவு மாசைச் சிறிது சிறிதாகச் சேர்த்தே கோடு வரைய வேண்டும்.