8கே ஸ்டிக்கருக்குப் பின்னால்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் மாமிக்கு, மகன் கட்டாரிலிருந்து ஓர் இன்டர்நெட் டிவி பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. முதுகில் ஒரு அன்டெனாக் கம்பு. மேலே பொன்னிறத்தில் படத் தரம் ‘8கே’, பக்கத்தில் ‘4 ஜிபி ரேம், 64 ஜிபி’. ஒரு மாதம் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, போட்டவுடன நல்லாப் போகுது. நாடகம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தால நிண்டு நிண்டு போகுது. நியூஸில கீழ ஓடுற எழுத்து எப்பவும் நடுங்குது. நெட் சரியில்லையோ?”

படம் திக்கினால் நம் ஊரில் முதல் பழி நெட்டுக்குத்தான். மாமி சொன்னதோ இரண்டு நோய்கள். ஒன்று நேரம் போகப் போக வருவது, மற்றது எப்போதும் இருப்பது. இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியாது.

முதலில் இந்தப் பெட்டியின் வேலை என்ன என்று பார்ப்போம். 1080பி படம் ஒன்றில் (கிடையாக 1920, மேலிருந்து கீழாக 1080) 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்தை எழுத 24 பிட். செக்கனுக்கு 25 படம் என்றால் ஏறத்தாழ 124 கோடி பிட். ஆனால் ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு வருவது செக்கனுக்கு 50 இலட்சம் பிட் அளவுதான். மிச்சத்தைப் பெட்டியே உண்டாக்குகிறது. கிட்டத்தட்ட 250 மடங்கு.

எப்படி? மூதூருக்குப் போகும் படகை ஜெட்டியில் நின்று வீடியோ எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்து மலை அசையவில்லை, வானமும் அப்படியே. முதற்படத்தை மட்டும் முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்த படத்துக்கு “அந்தப் படகை இரண்டு விரற்கடை வலப்பக்கம் தள்ளு, மிச்சம் பழையபடி” என்று ஒரு குறிப்பு மட்டும் அனுப்பினால் போதும். பெட்டி தன்னிடமுள்ள பழைய படத்தை வெட்டி, நகர்த்தி, ஒட்டிப் புதுப்படம் செய்துகொள்ளும். இந்தக் குறிப்புகளை எழுதும் முறைகள்தான் எச்.264 (2003), எச்.265 (2013), ஏவி1 (2018) எல்லாம். புதியது வர வர வெட்டு ஒட்டுக் கணக்கு நுட்பமாகிறது, டேட்டா குறைகிறது, பெட்டியின் பாடு கூடுகிறது.

இந்தக் கணக்கைப் பெட்டியின் பொது மூளையான சிபியூ செய்வதில்லை. சிப்பின் ஒரு மூலையில் இதற்கென்றே பொறித்த தனிச் சுற்று உண்டு, அதுதான் டிகோடர். இடியப்ப உரல் மாதிரி. அதால் வேறு ஒன்றும் செய்யமுடியாது, ஆனால் இடியப்பம் நொடியில் பிழியும். உரல் இல்லாவிட்டால் கையால் இழை இழையாக உருட்டலாம்தான், காலைச் சாப்பாடு இரவுக்கு வரும். டிகோடருக்குத் தெரியாத முறையில் படம் வந்தால் சிபியூ கையால் உருட்டத் தொடங்கும். அப்போது சிபியூவுக்குள் நான்கு கோர் (கணக்குப் போடும் கூறு) என்ன, எட்டுக் கோர் என்ன, மலிவுச் சிப் மூச்சு வாங்கும். ஆகவே கோர் எத்தனை என்று கேட்பதைவிட எந்தெந்த முறைக்கு உரல் இருக்கிறது என்று கேட்பதுதான் புத்தி. கடைக்காரர் திருதிருவென்று முழிப்பார். சிப்பின் பெயரைக் கேட்டு வாங்கி நீங்களே தேடிப் பாருங்கள்.

மாமியின் பெட்டியை அவர் அனுமதியோடு திறந்தேன். அடியில் நாலு றப்பர் கால், அவற்றுக்குள் நாலு ஆணி, அவ்வளவுதான். சிப்பின் முதுகில் ‘ராக்சிப் ஆர்கே3229’ என்று இருந்தது. நான்கு கோர்டெக்ஸ் ஏ7 கோர்கள், 32 பிட், பத்து வருடப் பழைய வடிவமைப்பு. கெட்ட சிப் என்று சொல்லமாட்டேன். 4கே (1080பியைப்போல் நான்கு மடங்கு புள்ளி) எச்.265 படத்தை உண்மையாகவே விரிக்கும். ஏவி1 தெரியாது. 8கே (பதினாறு மடங்கு புள்ளி) அதால் முடியவே முடியாது. பக்கத்தில் ரேம் சிப் இரண்டு. ரேம் சிப்பின் கொள்ளளவைப் பைட்டில் அல்ல, பிட்டில்தான் குறிப்பார்கள். எட்டுப் பிட் ஒரு பைட். இவை ஒவ்வொன்றும் 4 கிகாபிட், அதாவது அரை கிகாபைட். இரண்டும் சேர்ந்து 1 ஜிபி. ஆனால் செட்டிங்ஸ் திரையில் 4 ஜிபி என்று பளிச்சென்று தெரிகிறது! அந்தத் திரையில் என்ன எழுதவேண்டும் என்று தீர்மானிப்பதும் பெட்டி செய்தவர்தானே. ஆணி கழற்ற மனமில்லாதவர்கள் பென் டிரைவிலிருந்து பெரிய படங்களாகப் பெட்டிக்குள் ஏற்றிப் பாருங்கள். 64 ஜிபி என்ற பெட்டி ஐந்தாறு ஜிபியில் “இடமில்லை” என்றால், அல்லது ஏற்றிய படம் பாதியில் உடைந்தால், விடை கிடைத்துவிட்டது.

இனி மாமியின் முதல் நோய். நெட்டா, பெட்டியா என்று பிரிக்க நெட்டைக் கழற்றிவிட்டுச் சோதிக்கவேண்டும். அதற்கு நம்மூரில் கிடைக்கும் நல்ல கருவி கடல்.

படகை நகர்த்து, மிச்சம் பழையபடி என்றேன் அல்லவா? அலைக்கு அது பலிக்காது. சிற்றலையும் நுரையும் மினுக்கமும் ஒவ்வொரு புள்ளியிலும் புதிது புதிதாக மாறுகின்றன. பழைய படத்தை வெட்டி ஒட்ட வழியே இல்லை. கடற்காட்சி வந்தவுடன் மலிவு ஒளிபரப்பில் படம் சதுரம் சதுரமாக உடைவதைக் கவனித்திருப்பீர்கள். உப்புவெளிக் கடற்கரையில் நின்று போனில் 4கேயில், செக்கனுக்கு 60 படம், எச்.265 என்று வைத்துப் பத்து நிமிடம் அலையை எடுத்தேன். ஐபோன் கணக்கில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 எம்பி, அதாவது செக்கனுக்கு 5 கோடி பிட்டுக்கு மேல். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்குக் கேட்கும் இணைய வேகமே 15 எம்பிபிஎஸ்தான், அதாவது செக்கனுக்கு ஒன்றரைக் கோடி பிட். இதைத் தாங்கும் பெட்டி, தன் உரலுக்குத் தெரிந்த முறையில் வரும் எந்த நாடகத்தையும் தாங்கும். (பென் டிரைவ் ஃபாட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. நான் முதல் தரம் அங்கேதான் மாட்டினேன்.)

பென் டிரைவைச் செருகி, திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். முதல் இருபது நிமிடம் அலை அழகாக அடித்தது. பிறகு திக்கத் தொடங்கியது. பெட்டியைத் தொட்ட மாமி கையை இழுத்துக்கொண்டார். மேசைக் காற்றாடியைப் பெட்டிக்கு நேரே திருப்பினேன். சில நிமிடத்தில் அலை மறுபடி ஓடியது. நெட் நிரபராதி.

சிப் எவ்வளவு சூடாகும் என்பது அறையின் சூட்டோடு சேர்ந்த கணக்கு. சிப் தன் வேலையால் 45 பாகை ஏறும் என்றால், குளிரூட்டிய 25 பாகை அறையில் 70 வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் 35 பாகை அறையில் 80 வரும். எல்லையைத் தாண்டினால் சிப் எரிந்துபோகாமலிருக்க தன் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் படம் திக்குகிறது. நல்ல பெட்டியில் சிப்பின் மேல் கனமான அலுமினியத் தட்டு இருக்கும். இதில் பிஸ்கட் சுற்றும் தாளைவிடச் சற்றுத் தடித்த ஒரு தகடு, அதுவும் பாதி ஒட்டி. போதாததற்கு மாமி பெட்டியைக் கண்ணாடி ஷோகேஸுக்குள், பொம்மைகளுக்கு நடுவே பூட்டி வைத்திருந்தார். ஆகவே பெட்டியைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்: உள்ளே உலோகம் இல்லாத பெட்டி இறகு போல இருக்கும்.

இரண்டாவது நோய், நடுங்கும் எழுத்து. இதற்குச் சூடு காரணமில்லை. இலங்கையிலும் இந்தியாவிலும் தொலைக்காட்சி செக்கனுக்கு 50 என்ற தாளத்தில் வளர்ந்தது. பெட்டியோ பெரும்பாலும் 60 தடவை திரையைப் புதுப்பிக்கும்படி அமைக்கப்பட்டு வருகிறது. 50 படத்தை 60 இடத்தில் பரப்பவேண்டும். ஐந்து படத்துக்கு ஆறு இடம், ஆகவே ஒவ்வோர் ஐந்திலும் ஒரு படம் இரண்டு முறை நிற்கும். செக்கனுக்குப் பத்துத் தடக்கல். முகத்தில் இது தெரியாது. ஒரே வேகத்தில் பக்கவாட்டாக ஓடும் எழுத்தில் கண் பிடித்துவிடும். செட்டிங்ஸில் 1080பி 60 ஹெர்ட்ஸ் என்றிருந்ததை 50 ஆக்கினேன். எழுத்து எண்ணெயில் வழுக்குவது போல ஓடியது. நல்ல பெட்டி படத்தின் தாளத்தைப் பார்த்துத் தானாகவே மாறிக்கொள்ளும். பெட்டி வாங்கும்போது செய்திச் சானலைப் போட்டுக் கீழ்வரியை ஒரு நிமிடம் பாருங்கள். சிப் விபரம் தெரியாதவரும் செய்யக்கூடிய சோதனை இது.

அன்டெனாக் கம்பைப் பற்றிச் சொல்ல மறந்தேன். உள்ளே அதிலிருந்து எந்த வயரும் சுற்றுப் பலகைக்கு வரவில்லை. வெறும் பிளாஸ்டிக் கொம்பு! உண்மையான அன்டெனா பலகையில் ஒட்டிய ஒரு சிறு கம்பி. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், சுவர் இரண்டு தாண்டினால் தடுமாறும். ரவுட்டர் பக்கத்திலிருந்தால் லேன் வயரே மேல். 100 எம்பிபிஎஸ் துளை நெட்டில் வரும் படங்களுக்குத் தாராளம், கிகாபிட் என்று காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். கடலோர வீடுகளில் துளைகளின் ஊசிகளில் பச்சை படிவதையும் இடைக்கிடை பாருங்கள்.

காசு கட்டிப் பார்க்கும் சேவைகளுக்கு, படத்தை நகலெடுக்கவிடாத இன்னொரு பூட்டு உண்டு: வைட்வைன். சிப்புக்குள் பாதுகாப்பான அறை வைத்து உரிமம் பெற்ற பெட்டி எல்1. இல்லாதது எல்3. எல்3 பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் எஸ்டி என்ற பழைய டிவித் தரத்துக்கு மேல் போகாது, டிவி எவ்வளவு பெரிதானாலும். பெயரில்லாப் பெட்டிகளில் வேறு அபாயமும் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் வெளியிட்ட கணக்கில், வாய்ட் என்ற தீநிரல் 197 நாடுகளில் ஏறத்தாழ 13 இலட்சம் ஆண்ட்ராய்ட் பெட்டிகளில் குடியிருந்தது. மாமியின் பெட்டியில் வங்கிச் செயலி எதையும் போடவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

பெட்டி இப்போது ஷோகேஸுக்கு வெளியே, இரண்டு போத்தல் மூடிகளின் மேல் காற்றுப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. நாடகம் முழுதாக ஓடுகிறது. பொய்க் கொம்பைக் கழற்றவா என்று கேட்டேன். “விடு தம்பி, மகன் வந்து பாத்தா மனம் வருந்துவான்,” என்றார் மாமி.