காலாண்டு லீவில் பிஞ்சுக் கைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

வேலூரில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது எழுதுவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவராக, வேலை செய்கிறேன். புரட்டாசி பிறந்து காலாண்டு லீவு நெருங்கினாலே, மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோடு வரும் பெற்றோர் அதிகமாகிவிடுவார்கள். கேள்வி ஒன்றுதான்: "விஜயதசமிக்கு ஸ்கூல்ல சேர்க்கணும் மேடம், அதுக்குள்ள எழுத வெச்சிடலாமா?"

பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு பாட்டி நான்கு வயதுப் பேரனோடு வந்திருந்தார். "பென்சிலைப் புடிச்சாலே கை வலிக்குதுன்னு அழுவுறாம்மா" என்றார். நான் பையனிடம் எலுமிச்சை அளவு களிமண்ணைக் கொடுத்துப் பிள்ளையார் பண்ணச் சொன்னேன். உள்ளங்கையால் நன்றாகத்தான் அமுக்கினான். தும்பிக்கைக்குக் கொஞ்சம் கிள்ளி எடு என்றதும் திணறினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டு அழுத்தவே இல்லை. ஐந்து விரலையும் போட்டுப் பிய்த்தான். கிள்ளவே வலு இல்லாத விரல்கள் பென்சிலை எப்படிப் பிடிக்கும்?

மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாக மாறி முடிய ஒன்பது, பத்து வயதுக்கு மேலும் ஆகும். மூன்று வயதில் ஒரு பிள்ளை வட்டத்தைப் பார்த்து வரைந்தால் போதும். கூட்டல் குறி நான்கு வயதில் வரும், முக்கோணம் ஐந்தை ஒட்டி வரும். இந்தக் கோடுகளே கைக்கு வராத வயதில் 'அ', 'ஆ' என்று பக்கம் பக்கமாக எழுத வைப்பது கொடுமை. இந்த லீவில் நோட்டை மூடி வையுங்கள், கைக்கு வேலை கொடுங்கள்.

முதல் வேலை களிமண். பிசைவது, உருட்டுவது, கிள்ளுவது மூன்றும் அதில் இருக்கிறது. நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடாக இருந்தால், கடைசிப் படியில் பிள்ளை செய்த பொம்மைக்கு ஓர் இடம் விடுங்கள். யானைக்குக் கால் மூன்றுதான் இருக்கிறது என்று நீங்கள் நாலாவதை ஒட்டாதீர்கள். நீங்கள் கை வைத்து அழகாக்கும் ஒவ்வொரு முறையும் குழந்தையின் விரலுக்கு வேலை குறைகிறது. மண்ணைக் குயவரிடம் வாங்குங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடிய வாய்க்கால், ஏரி ஓரங்களில் மட்டும் தோண்டி எடுக்காதீர்கள். பாலாற்றை இந்தக் கழிவு கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த மண் குழந்தை கைக்கு வேண்டாம்.

மண் கிடைக்காவிட்டால் மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசையுங்கள். நிறத்துக்கு மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு. உப்பு அதிகம் என்பதால் பிள்ளை வாயில் போடாதபடி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் வாயில் வைக்கிற வயது என்றால் உப்பில்லாத சப்பாத்தி மாவே போதும்.

அடுத்தது கிழிப்பது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வையுங்கள். அவற்றைப் பிள்ளை இரண்டு கை விரலாலும் பட்டை பட்டையாகக் கிழிக்கட்டும். எண்ணெய் தடவிய கிண்ணத்தைக் கவிழ்த்து, மைதா பசை தொட்டு, நாலைந்து அடுக்கு ஒட்டிக் காயவிட்டால் காகிதக் கிண்ணம் ரெடி. கத்தரிக்கோல் பழக்க நினைத்தால் பழைய கல்யாணப் பத்திரிகையைக் கொடுங்கள். மெல்லிய தாள் மடங்கி நழுவும், கெட்டி அட்டை கத்தரிக்கு அடங்கும். முனை மழுங்கிய கத்தரியாகப் பார்த்து வாங்குங்கள்.

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மஞ்சள் நீரில் தோய்த்துத் தாளில் அச்சு வைத்தால் பூ விழும். பூவரசு இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கினால் பீப்பீ. இதற்கெல்லாம் நான் பாடம் நடத்த வேண்டியதில்லை, வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

இனி சொல்லப் போவதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, குண்டுமணி, அது விஷம். ஓடு உடையாமல் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, கோக்க ஊசியால் துளை போட்டிருந்தாலோ உள்ளே இருக்கும் அப்ரின் என்ற நச்சு உயிருக்கே ஆபத்து. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, வாந்தி, பேதி சில மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அதுவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணுக்கு இரண்டு மிளகு போதும், மூன்று வயதுக்குள் என்றால் அதுவும் வேண்டாம், ஈர்க்குச்சியால் குத்திவிடலாம். ஆமணக்கு விதையும் இதே கணக்குதான். அரளி விதையும் விஷம், அது இதயத்தைத் தாக்கும். எருக்கம்பூ மாலை கோக்கும்போது அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும். இலை, விதை பொறுக்கப் போகும்போது இந்த நாலையும் பிள்ளைக்குக் காட்டி, தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

சுண்ணாம்பு இன்னொன்று. மஞ்சளோடு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு கிடைக்கும் என்று கலக்கிக் கொடுக்கிறார்கள். பாக்கெட்டைப் பிள்ளை அழுத்தி அது கண்ணில் பீய்ச்சினால் கருவிழி வெந்துபோகும். அப்படி ஆனால் ஊதிக்கொண்டும் துடைத்துக்கொண்டும் நிற்காமல், சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டும். மஞ்சளில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டாலும் சிவக்கும். அதைப் பயன்படுத்துங்கள்.

நம் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் தோல் துண்டுகளோடு ஒட்டுகிற சொல்யூஷனையும் வீட்டுக்குக் கொண்டுவருவது உண்டு. அதன் நெடி மூளையைத் தாக்கும், பிள்ளை இருக்கும் அறையில் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் முறத்தில் மிஞ்சும் இலையும் தூளும் விளையாட்டுச் சாமானாகிவிடுகிறது. புகையிலையின் நிகோடின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். அம்மா முறத்தோடு உட்காரும் நேரம் பிள்ளை வேறு இடத்தில் விளையாடட்டும். வயிற்றுப் பிழைப்பு என்பது எனக்குத் தெரியும். வேலை முடிந்து சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள், அதுவே பெரிய உதவி.

கொலுவுக்கு வாங்கும் சின்ன விளக்குகளில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். திருகாணி போட்டு மூடிய விளக்காகப் பாருங்கள். பொதுவாக, 3.2 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நுழையும் மணி, பொத்தான், விதை எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

விளையாடும்போது கையைக் கவனியுங்கள். ஒன்றரை வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்கினாலோ, நாலு வயதிலும் பொத்தானைப் பிடிக்கவே முடியாவிட்டாலோ 'சரியாகிவிடும்' என்று விடாதீர்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு வரும். எப்போது வருவார்கள் என்று டீச்சரிடம் கேட்டு வைத்து, அன்று பிள்ளையைக் காட்டுங்கள். பரிசோதனைக்குக் காசு கிடையாது.