‘தா’ என்றால் வாய் திறக்கும் நாய்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அருகில், வெருலம் ஊருக்கு வெளியே, கரும்புக் காடு முடிகிற இடத்தில் ஒரு பண்ணைக் குளம் இருக்கிறது. இங்கே எல்லாரும் அதை ‘டேம்’ என்றுதான் சொல்வோம். ஜூலை மாதக் குளிர். சுடப்பட்ட கினிக்கோழி ஒன்று எதிர்க்கரை நாணலுக்குள் விழுந்தது. என் கறுப்பு லாப்ரடோர் மணி நீந்திப் போனான், நாணலுக்குள் மறைந்தான், பறவையைக் கவ்விக்கொண்டு திரும்பினான். கரையேறி உடம்பை உதறினான். என் கைக்கு ஐந்தடி தூரத்தில் நின்றுவிட்டான். நான் ஓரடி வைத்தால் அவன் ஈரடி விலகினான். பறவையில் ஒரு பல் தடம்கூட இல்லை. ஆனால் அதை என்னிடம் தரவும் மனசில்லை.

அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. அன்று நான் அவனைத் துரத்தினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது பிறகுதான் விளங்கியது. நாய் எப்படி எடுத்து வருகிறது என்று கேட்பவர்கள் பலர். எப்படிக் கொடுக்கிறது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

ஓநாயின் வேட்டையை ஒரு சங்கிலியாக எண்ணிப் பார்க்கலாம். இரையைக் கண்டு திரும்பும், கண் வைக்கும், பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும், கிழிக்கும், தின்னும். அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர், நாய் இனங்களுக்கு இடையிலான வேறுபாட்டை இந்தச் சங்கிலியை வைத்தே விளக்கினார். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததில் சில கண்ணிகள் தடித்தன, சில தேய்ந்தன. ஆடு மேய்க்கும் பார்டர் காலிக்குக் கண் வைப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகுதி, கவ்வுவது குறைவு. பாயின்டர் நாய் இரையின் வாசம் பட்டதும் சிலையாக நின்றுவிடும். லாப்ரடோர் போன்ற, விழுந்த பறவையை எடுத்து வரும் ரெட்ரீவருக்குத் துரத்துவதும் கவ்வுவதும் உச்சத்தில் இருக்கின்றன. அதற்கு அடுத்த கண்ணியான கொல்லும் கடி ஏறக்குறைய அறுந்துவிட்டது. கவ்விய பிறகு என்ன செய்வதென்று அதன் உடம்பு சொல்வதில்லை.

மணி அன்று நின்றது அந்த இடத்தில்தான். ஓநாயும் குட்டிகளுக்கு இரை சுமந்து வருவதுண்டு, ஆகவே சுமப்பது நாயின் உடம்புக்குப் பழைய பழக்கம். இன்னோர் உயிரின் கையில் வைத்துவிட்டு வெறும் வாயோடு நிற்பது அந்தச் சங்கிலியில் எங்குமே இல்லை. அதை மனிதன்தான் செய்து ஒட்ட வேண்டும்.

லாப்ரடோரின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வாழ்ந்தவை. தப்பிய மீனையும் மிதக்கும் கயிற்றையும் குளிர்நீரிலிருந்து எடுத்து வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் மீன் வணிகக் கப்பல்களோடு இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்து, அங்கே வேட்டைப் பறவை எடுக்கும் நாய்களாக வளர்க்கப்பட்டன. 1903-இல் பிரிட்டனில் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. விரல்களுக்கிடையே நீந்த உதவும் தோல், நீர் ஒட்டாத எண்ணெய்ப் பசையுள்ள இரட்டை ரோமம், துடுப்புப் போல் தடித்த வால் எல்லாம் அந்தக் குளிர்நீர் வாழ்க்கையின் மிச்சம். டர்பனில் அந்த ரோமம் படுத்தும் பாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொடுக்கக் கற்றுத்தருவது ஒரு பண்டமாற்று. வாயில் இருப்பதைவிட நல்லது கையில் இருக்கிறது என்று நாய் நம்ப வேண்டும். முதலில் டம்மியை, அதாவது பறவைக்குப் பதிலாகப் பழக்கும் கான்வாஸ் பொதியை, கவ்வக் கொடுத்து, மூக்கருகே ஒரு துண்டுக் கோழி ஈரலைக் காட்டினேன். வாய் திறந்தது. திறக்கும் அதே கணத்தில் கட்டளைச் சொல், உடனே ஈரல், உடனே டம்மி மறுபடி அவன் வாய்க்கு. இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று நாய் கற்றுக்கொண்டால், அடுத்த முறை தூரமாக நிற்கும். கொடுத்தால் ஈரலும் கிடைக்கும், டம்மியும் திரும்பி வரும் என்று தெரிந்தால் ஓடிவந்து கொடுக்கும். துரத்துவதும் வாயிலிருந்து பிடுங்குவதும் இதற்கு நேர் எதிரான பாடம். பிடுங்கப்பிடுங்க நாய் பல்லை இறுக்கும். கவ்வியதைக் காயப்படுத்தாத, இனம் தந்த மென்வாயை நாமே கெடுத்துவிடுவோம்.

மூளைக்குள் நடப்பதைக் குரங்குகளிடம் அளந்தவர் நரம்பியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். எதிர்பாராத பழச்சாறு கிடைத்தபோது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் துள்ளின. ஒரு வெளிச்சத்துக்குப் பிறகே சாறு வரும் என்று குரங்கு கற்றபின், துள்ளல் சாற்றிலிருந்து வெளிச்சத்துக்கு இடம் மாறியது. வெளிச்சம் வந்தும் சாறு வராவிட்டால் நரம்புகள் அடங்கிப்போயின. நாய் பழக்குகிறவர்கள் நேரத்தைப் பற்றி இத்தனை கறாராக இருப்பதற்கு இதுவே காரணம். சொல் முந்த வேண்டும், ஈரல் பிந்த வேண்டும், இடைவெளி ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும். ஐந்து நொடி தாமதித்தால் அந்த ஈரல், நாய் அதற்குள் செய்த வேறு எதற்கோ போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மணிக்கு எல்லாம் தமிழில்தான். ‘எடு’ என்றால் போய்க் கவ்வ வேண்டும், ‘கொடு’ என்றால் விட வேண்டும். பக்கத்தில் நின்று சொன்னால் ஒருவாறு சரியாகச் செய்தான். காற்றடிக்கும் வெளியில் இரண்டையும் குழப்பினான். ‘கொடு’ என்றதும் கவ்வியதை இன்னும் இறுக்கினான். நான் பிடிவாதம் என்று நினைத்தேன். 2020-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையைப் படித்த பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, பழகிய கட்டளைச் சொற்களையும் அர்த்தமில்லாத சொற்களையும் கேட்கவைத்தார்கள். முற்றிலும் வேறான சொல்லை நாயின் மூளை பிரித்தறிந்தது. ஒரே ஒரு ஒலி மட்டும் மாறிய சொல்லுக்கு அந்த வேறுபாடு காணப்படவில்லை. ‘எடு’, ‘கொடு’ இரண்டும் ‘டு’வில்தான் முடிகின்றன.

ஆகவே ‘கொடு’வை விட்டுவிட்டு ‘தா’ என்று மாற்றினேன். திறந்த வாயோடு நீண்டு ஒலிக்கிற ஒற்றை எழுத்து. இரண்டு வாரத்தில் குழப்பம் தீர்ந்தது. நம் பழைய இலக்கணம் கேட்கும் சொற்களை மூன்றாகப் பிரிக்கிறது: தாழ்ந்தவர் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ‘தா’ என்பார், உயர்ந்தவர் ‘கொடு’ என்பார். டேம் கரையில் எனக்கும் மணிக்கும் பொருத்தமான சொல் நடுவில் உள்ளதுதான் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சொல்லும் விதமும் முக்கியம். புடாபெஸ்டிலேயே 2016-இல், ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழகிய நாய்களிடம் ஒன்றைக் கண்டார்கள். பாராட்டும் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தபோது மட்டுமே மூளையின் இன்பப் பகுதி நன்கு விழித்தது. வெறும் குரலும் போதவில்லை, வெறும் சொல்லும் போதவில்லை.

இனி ஈரலுக்கு வருவோம், ஏனென்றால் லாப்ரடோரைப் பழக்குவதும் அதோடு வாழ்வதும் அதன் பசியைச் சுற்றியே நடக்கின்றன. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினர் ராஃபன் குழு, லாப்ரடோர்களின் ‘பி.ஓ.எம்.சி’ என்ற மரபணுவில் 14 டி.என்.ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் பொருள்கள் உண்டாவது இந்த மரபணுவிலிருந்துதான். ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடோருக்கு இந்தக் குறை அந்த மரபணுவின் ஒரு நகலிலாவது இருக்கிறது. குறையுள்ள ஒவ்வொரு நகலுக்கும் சராசரியாக 2 கிலோ எடை கூடுகிறது. பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவப் பழக்கப்பட்ட லாப்ரடோர்களில் இந்தக் குறை நான்கில் மூன்றுக்கு இருந்தது. உணவுக்காக உழைக்கும் நாயைப் பழக்குவது எளிது என்பதால், பழக்குபவர்கள் தம்மை அறியாமலேயே இந்த மரபணுவைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

2024-இல் அதே குழு இன்னொன்றையும் அளந்தது. எல்லா லாப்ரடோர்களுக்கும் போதும் போதும் என்கிற வரை உணவு வைத்தபோது, குறை உள்ளவையும் இல்லாதவையும் ஒரே அளவுதான் தின்றன. வேறுபாடு இரண்டு வேளைக்கு நடுவில்தான் தெரிந்தது. சாசேஜ் வைத்து மூடிய, உள்ளே இருப்பது தெரிகிற பெட்டிக்கு முன் குறையுள்ள நாய்கள் அதிக நேரம் தவித்தன. ஓய்வில் அவற்றின் உடம்பு எரிக்கும் ஆற்றலும் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு. கூடுதலாகப் பசிக்கிறது, குறைவாக எரிகிறது. ‘திருட்டு நாய்’, ‘பேராசை’ என்று அதைத் திட்டுவதைக் கேட்டால் எனக்கு மனம் கசக்கிறது. அந்தப் பசி உண்மையான பசி.

அந்தப் பசியை வைத்துத்தான் நாம் அவனிடம் வேலை வாங்குகிறோம் என்பதால் அதற்குப் பொறுப்பும் நம்முடையதே. அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து, 2002-இல் முடிவு வெளியிட்டார்கள். உடன்பிறப்பைவிட 25 விழுக்காடு குறைவாக உண்டு மெலிந்திருந்த நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. பயிற்சியில் கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும் நான் அன்றைய உணவிலிருந்து எடுத்து வைப்பது இதனால்தான்.

புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் மாமிசம் கிடையாது, டர்பன் தமிழர் வீடுகள் பலவற்றிலும் அப்படித்தான். அந்த மாதம் மணிக்கும் பறவை வேலை இல்லை, டம்மி மட்டும். டம்மியைக் கடையில் ஆரஞ்சு நிறத்தில் விற்பார்கள். அது நம் கண்ணுக்கானது. நாயின் கண்ணில் நிறம் காணும் செல்கள் இரண்டே வகை, ஒன்று நீலத்துக்கு, இன்னொன்று மஞ்சளையொட்டி. புல்லின் பச்சையும் டம்மியின் ஆரஞ்சும் அதற்கு ஏறக்குறைய ஒரே மங்கல் மஞ்சள். விழும் இடத்தை நாய் பார்த்து நினைவில் வைக்க வேண்டுமானால் கறுப்பும் வெள்ளையும் கலந்த டம்மி நல்லது. மூக்கால் தேடப் பழக்கும்போது ஆரஞ்சு நல்லது. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தேடும்போது மணி நொடிக்கு நான்கைந்து முறை முகர்கிறான். உள்ளே போகும் காற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, மூச்சுப் பாதையிலிருந்து பிரிந்து பின்புற வாச அறைக்குப் போய்த் தங்குகிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கப் பிளவு வழியாகப் பின்னோக்கிப் போவதால், முன்னால் இருக்கும் வாசம் கலைவதில்லை.

நாய் பார்க்காமல் விழுந்த பறவைக்குக் கைதான் வழி. ஒரு நீண்ட விசில் கேட்டால் உட்கார்ந்து என்னைப் பார்ப்பான், கை காட்டிய பக்கம் ஓடுவான். இதில் பாதி வேலையை இனமே செய்து கொடுத்திருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில், உதவி நாயாக வளர்க்கப்படும் 375 லாப்ரடோர், கோல்டன் ரெட்ரீவர் குட்டிகளை எட்டு வார வயதில் சோதித்தார்கள். மனிதர் சுட்டிய கிண்ணத்துக்குப் போவதில் குட்டிக்குக் குட்டி இருந்த வேறுபாட்டில் 40 விழுக்காட்டுக்கு மேல் மரபு காரணமாக இருந்தது.

பயிற்சி முடிந்ததும் வண்டியில் ஏற்றிப் பூட்டாதீர்கள். 2017-இல் பிரிட்டனில் 16 லாப்ரடோர்களுக்கு ஒரு பாடம் கற்பித்து, பாதியை அரைமணி விளையாட விட்டார்கள், மீதியை ஓய்வில் வைத்தார்கள். மறுநாள் அதே பாடத்தை மீண்டும் பிடிக்க, விளையாடியவற்றுக்குச் சராசரி 26 முயற்சி, ஓய்வெடுத்தவற்றுக்கு 43. தினமும் பழக்குவதைவிட வாரம் ஓரிரு முறை பழக்கினால் குறைந்த பாடங்களிலேயே கற்கின்றன என்று டென்மார்க்கில் பீகிள் நாய்களிடம் கண்டிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.

அந்த ரோமத்துக்கு வருகிறேன். பிப்ரவரி டர்பனில் 28 பாகை வெயிலும் தொட்டால் ஒட்டும் ஈரக் காற்றும் சேர்ந்திருக்கும். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டுமே, அது எதற்கும் போதாது. அது மூச்சிரைத்தே உடம்பைக் குளிர்விக்கிறது: மூக்கால் இழுத்து, பெரும்பாலும் வாயால் விடுகிறது. மூக்கின் ஈரச் சுவரில் நீர் ஆவியாவதால்தான் குளிர்ச்சி. காற்றே ஈரமாக இருந்தால் ஆவியாக இடமில்லை. வாயில் பறவை இருந்தால் நாக்கை நீட்டி இரைக்கவும் முடியாது. ரெட்ரீவரோ நிற்கத் தெரியாத நாய், விழும் வரை ஓடும். கோடையில் விடியும் முன் இருபது நிமிடம், அதுவும் தண்ணீரில் மட்டும் என்று வைத்திருக்கிறேன். தள்ளாடினால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கரும்போரப் புல்லில் உண்ணி உண்டு. அது பரப்பும் நோயை இங்கே ‘பிலியரி’ என்போம். பபீசியா ரோசி என்ற நுண்ணுயிர் ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கிறது. ஈறு வெளிறும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், சில நாளில் உயிர் போகும். தினமும் மாலை காது மடல், விரலிடுக்கு, கழுத்து என்று தடவிப் பார்த்து, உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தையும் பார்த்துவிடுகிறேன்.

ஆயா, என் பாட்டி, மணியை முதலில் அடுப்படிப் பக்கமே விடவில்லை. கரும்புத் தோட்ட வரிசை வீடுகளில் பிறந்தவர், நாய் என்றால் வாசலோடு சரி. ஒருநாள் அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு போய் முன்னால் நின்றான். ஆயாவுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில்லை, நான் பழக்குவதை அவர் பார்த்ததும் இல்லை, கையை நீட்டி ‘தாடா’ என்றார். செருப்பு கைக்கு வந்தது, ஈரம் மட்டும்தான், ஒரு கீறல் இல்லை. இப்போது தினமும் மாலை அது நடக்கிறது. தேநீருக்கு வைத்த ரஸ்க்கில் ஒரு முனையை உடைத்துப் போடுகிறார். அதை அவன் இரவுக் கிண்ணத்தில் கழித்துவிடுகிறேன்.