சட்டையை இரவல் வாங்கும் வைரஸ்

"ஏனுங்க, எங்கப்பா அஞ்சு வருசமா பி வைரசுக்கு மாத்திரை சாப்பிடறாருங்க. இப்ப டி டெஸ்ட்டும் எடுக்கச் சொல்றாங்க. பி பத்தாதுன்னு டி வேறயாங்க?" பவானியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பி, டி இரண்டும் ஹெபடைடிஸ், அதாவது கல்லீரல் அழற்சி தரும் வைரஸ்கள். ஹெபடைடிஸ் டி தனியாக வராது, பி இருக்கும் உடம்பில்தான் பிழைக்கும். 1977இல் இத்தாலியின் தூரின் நகரில் மரியோ ரிசெட்டோ குழு, பி நோயாளிகளின் கல்லீரலில் புதிய புரதம் ஒன்றைக் கண்டது. பி வைரசின் பகுதி என்றே முதலில் நினைத்தார்கள். பிறகுதான் அது வேறொரு வைரஸ் என்று தெரிந்தது.

கொரோனாவின் ஆர்.என்.ஏவில், அதாவது அதன் மரபுச் செய்தி இழையில், ஏறக்குறைய 30,000 எழுத்துகள். டி-க்குச் சுமார் 1,700தான், அதுவும் வட்டமாக. தன்னை நகலெடுக்க நொதிகூடக் கிடையாது. நம் செல்லின் நொதியையே வேலை வாங்குகிறது. அந்த நொதி வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, பல நகல்களை ஒரே நீள இழையாக எழுதித் தள்ளும். சென்னிமலைத் தறியில் துண்டுகளை ஒரே நீளமாக நெய்துகொண்டே போய், கடைசியில் கத்தரியால் வெட்டுவார்கள் அல்லவா? இங்கே துணியே கத்தரி. இழையின் ஒரு பகுதி மடிந்து முறுக்கி, சரியான இடத்தில் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. வெட்டிய துண்டின் இரு முனைகளும் இணைந்து மறுபடி வட்டம். நொதி என்றால் புரதம் என்று படித்தவர்கள் நாம். வெறும் ஆர்.என்.ஏ இதைச் செய்வதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் அடுத்த செல்லுக்குப் போக மேலே போட்டுக்கொள்ளச் சட்டை வேண்டும். அதை பி-யிடம் இரவல் வாங்குகிறது: பி-யின் மேலுறைப் புரதம். அப்பா சாப்பிடும் மாத்திரை டெனோஃபோவிர் போன்றது என்றால், அது பி நகலெடுப்பதைத் தடுக்கும், சட்டை தைப்பதை நிறுத்தாது. அதனால்தான் மாத்திரை சாப்பிட்டாலும் டி வளர்ந்து, கல்லீரலை இன்னும் வேகமாகச் சுருக்குகிறது.

பித்த உப்பை உள்ளே விடும் வாசல் வழியாகத்தான் இரண்டு வைரசும் கல்லீரல் செல்லுக்குள் நுழைகின்றன. 2012இல் சீன ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாசலை அடைக்கும் புலெவிர்டைட் ஊசிக்கு 2020இல் ஐரோப்பா அனுமதி தந்தது. தினமும் தோலுக்கடியில் போட வேண்டும். பழைய இன்டர்ஃபெரான் ஊசி சிலருக்கு மட்டுமே பலன் தரும்.

காமாலை என்றால் மந்திரிக்கப் போகும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் மந்திரத்துக்குப் போகும். பி-யும் டி-யும் கண் மஞ்சளாகாமலே வருடக்கணக்கில் அரிக்கும். இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

பவானி நண்பரே, டெஸ்ட் எடுத்துவிடுங்கள். முதலில் டி எதிர்ப்பொருள், அது பாசிட்டிவ் என்றால் ஆர்.என்.ஏ அளவு. வீட்டில் மற்றவர்களுக்கும் பி பரிசோதனை செய்து, இல்லாதவர்களுக்கு பி தடுப்பூசி போடுங்கள். பி நுழையாத உடம்பில் டி-க்குச் சட்டை கிடைக்காது.