மாத்திரையில் செத்த கிருமிகள் கணக்கில் வருவதில்லை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "நீர்க்கடுப்பு தரும் ஈ.கோலை பாக்டீரியாவில் பாதிக்கு மேல் வழக்கமான மாத்திரைக்கு அடங்குவதில்லை என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் அறிக்கையில் பார்த்தேன். எங்கள் ஊரிலும் அதே நிலைதானா?"

அறிக்கை பொய்யில்லை. ஆனால் அது எண்ணியது யாரை?

நீர்க்கடுப்பு வந்தால் நம் பக்கம் முதலில் மெடிக்கல் ஷாப், அப்புறம் உள்ளூர் கிளினிக். சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் எழுதுவது அபூர்வம். ஒரு பேச்சுக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 பேரிடம் மட்டும் மருந்துக்கு மசியாத கிருமி. மாத்திரை போட்டதும் மற்ற 80 பேரில் 75 பேர் தேறிவிடுகிறார்கள். அவர்களுடைய கிருமிகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே செத்துப்போகின்றன. தேறாத 20 பேரும், சர்க்கரை, கல்லடைப்பு என்று வேறு சிக்கலுள்ள 5 பேரும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறுகிறார்கள். லேபுக்கு வந்தவை 25 மாதிரிகள், அதில் 20 எதிர்ப்புக் கிருமிகள். 80 சதவீதம்! ஊரில் இருந்ததோ 20 சதவீதம். லேபில் யாரும் தவறு செய்யவில்லை. எந்த மருந்தைச் சோதிக்கிறோமோ அதே மருந்து முன்கூட்டியே சல்லடையாக நின்று சலித்து அனுப்பியிருக்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

இந்த 80 சதவீதத்தை ஊர் முழுவதற்கும் பொதுவாக்கினால், முதல் நாளே வீரியமான மருந்தை எழுதத் தோன்றும். அந்த மருந்துக்கும் எதிர்ப்பு வளரும்.

பிழை மறுபக்கமும் சாயலாம். மருந்து தோய்த்த வில்லையை, கிருமி வளர்க்கும் கூழான அகார் தட்டில் வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பது வழக்கமான முறை. ஆனால் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கின் மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. வட்டத்தை நம்பினால் எதிர்ப்புக் கிருமியையும் அடங்கும் கிருமி என்று எழுதிவிடலாம். திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துச் சோதிப்பதே சரி. உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு, கோழிகள் உட்பட, 2019இல் இந்தியா கொலிஸ்டினைத் தடைசெய்தது. நாமக்கல் பண்ணைகளில் அதன் பலனை அளக்க வேண்டுமானால் சோதனை முறை சரியாக இருக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) 2013இல் தொடங்கிய, மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்கும் வலையமைப்பும் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளைச் சார்ந்ததே. அடுத்த நிதி தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல்முறை நீர்க்கடுப்போடு வருகிறவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, மாத்திரைக்கு முன்பே மாதிரி எடுத்து இலவசமாகச் சோதிக்கட்டும். கோபிக்கான விடை அப்போதுதான் கிடைக்கும்.